மொடல் பிளேன் எஞ்சின் சத்தத்தை ஒழுங்காக அளப்பது எப்படி

"என்னுடைய எஞ்சின் 92 தான்" என்று யாராவது சொன்னால் நான் உடனே கேட்பது, எத்தனை மீற்றரில் என்பதைத்தான். அதற்குப் பதில் இல்லையென்றால் அந்த 92க்கு ஒரு பெறுமதியும் இல்லை. 3 மீற்றரில் 94 டெசிபெல் காட்டுகிற அதே எஞ்சின், 7 மீற்றரில் கிட்டத்தட்ட 87 தான் காட்டும், ஏனென்றால் திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். எஞ்சின் மாறவில்லை, சைலன்சர் மாறவில்லை, நீங்கள் நாலு எட்டுப் பின்னால் போய்விட்டீர்கள், அவ்வளவுதான். தூரம், நிலம், காற்று, கருவியை எந்த நிலையில் வைத்தீர்கள் என்ற நான்கும் எண்ணோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொழும்பில் வெறும் நிலம் எவ்வளவு அரிது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் ஞாயிறு காலையில் பறக்கவிட்டுக் கொண்டிருந்த ஒரு மைதானம் சத்தப் பிரச்சினையால்தான் கையை விட்டுப் போனது. முறைப்பாட்டுக் கடிதத்தில் "தாங்க முடியாத இரைச்சல்" என்று இருந்தது, நாங்கள் "அவ்வளவு இல்லை" என்று பதில் சொன்னோம், இரண்டு பக்கத்திலும் ஒரு எண்கூட இல்லை. எங்களிடம் மட்டும் மூன்று மாத அளவுகள் எழுதிய ஒரு கொப்பி இருந்திருந்தால், எந்த பிளேனை நிறுத்தலாம், எந்த நேரத்தில் பறக்கவிடலாம் என்று உட்கார்ந்து கதைத்திருக்கலாம். அன்றைக்குப் பிறகுதான் நான் இதை வடிவாகப் படித்தேன்.

முதலில் கருவி. கையடக்கமான சாதாரண சவுண்ட் மீற்றர் ஒன்று போதும், ஆனால் ஐஇசி 61672 என்ற சர்வதேச தரத்தின்படி கிளாஸ் 2 என்று எழுதியிருப்பதாகப் பார்த்து எடுங்கள். கிளாஸ் 1 ஆய்வுகூடக் காரர்களுக்கு, நமக்கு அவ்வளவு தேவையில்லை. கருவியில் ஏ, சி என்று இரண்டு நிலைகள் இருக்கும், ஏ-யில் வையுங்கள். ஏ என்பது மனிதக் காது கேட்கிற விதத்துக்குக் கிட்ட வரும்படி தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் காட்டுகிற நிலை. இது சும்மா சொல்கிற விஷயம் இல்லை: 12,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 12,000 சுற்றில், ஓடுகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சுற்றுக்கு ஒரு தடவையாகச் செக்கனுக்கு 200 தடவை வெடிக்கிறது, அந்த 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஏ நிலை கிட்டத்தட்ட 11 டெசிபெல் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கும். 9,000 ஆர்பிஎம்மில் ஓடுகிற ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்று இரண்டு சுற்றுக்கு ஒரு தடவையாகச் செக்கனுக்கு 75 தடவைதான் வெடிக்கும், அங்கே குறைப்பு 20 டெசிபெலையும் தாண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் காதுக்கு மென்மையாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். தவறுதலாக சி நிலையில் விட்டுவிட்டால் எண் கூடிக் காட்டும், பிறகு ஏன் கூடியது என்று சைலன்சரைக் கழற்றிப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்.

அடுத்து ஃபாஸ்ட், ஸ்லோ. ஃபாஸ்ட் ஒரு செக்கனில் எட்டில் ஒரு பங்கு வேகத்தில் மாறும், ஸ்லோ ஒரு செக்கன். எஞ்சின் ஒரே சீராக ஓடும்போது ஸ்லோதான் வாசிக்க இலகு. வந்த உச்ச எண்ணைப் பிடித்து வைக்கிற மேக்ஸ் என்ற பொத்தான் இருந்தால் அது தங்கம், ஏன் என்று கீழே சொல்கிறேன். மைக்கின் தலையில் போடுகிற கறுப்பு ஸ்பொன்ச் உருண்டையைத் தொலைத்துவிடாதீர்கள், கடல் காற்று மைக்கில் பட்டு எழுப்புகிற சத்தமே அளவைக் கெடுத்துவிடும். ஸ்பொன்ச் போட்டும் மரக்கிளைகள் ஆடுகிற அளவுக்குக் காற்று இருந்தால் அன்றைக்கு அளக்க வேண்டாம். இங்கே பின்னேரம் கடல் காற்று எழுந்துவிடும், அதனால் காலை ஏழு எட்டு மணிக்கே வேலையை முடிப்பது நல்லது.

கலிபிரேட்டர் என்று ஒரு சின்ன உருளை இருக்கிறது. மைக்கின் மேல் பொருத்தி அழுத்தினால் 1,000 ஹெர்ட்ஸில் சரியாக 94 டெசிபெல் சத்தம் போடும், உங்கள் கருவி 93.1 காட்டினால் திருகாணியைத் திருப்பி 94க்குக் கொண்டுவரலாம். எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கத் தேவையில்லை, சேர்ந்து பறக்கவிடுகிறவர்கள் காசு போட்டு ஒன்று வாங்குங்கள். நம் எஞ்சின்களின் அளவும் அந்த 94ஐச் சுற்றித்தான் வரும் என்பதால் இது மிகவும் பொருத்தமான சோதனை.

போனில் அளக்கலாமா? ஒரே போன், ஒரே செயலி, ஒரே உறை, ஒரே இடம் என்று வைத்துக்கொண்டு நேற்றைய சைலன்சரையும் இன்றைய சைலன்சரையும் ஒப்பிடலாம். அதற்கு மேல் நம்ப வேண்டாம். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது, சத்தம் கூடினால் சில போன்கள் தாங்களாகவே ஒலியை அடக்கிவிடும், சிலவற்றில் மைக் உச்சத்தில் தட்டி நின்றுவிடும். எண் நல்லாகத்தான் தெரியும், ஆனால் அது பொய்.

சரி, இடம். உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐ, எஃப்3ஏ சாகசப் போட்டிகளுக்கு வைத்திருந்த முறையைத்தான் நான் பின்பற்றுகிறேன், ஏனென்றால் அதில் எல்லாமே சொல்லப்பட்டிருக்கிறது. பிளேன் தரையில், அதன் மூக்கு பார்க்கிற கோட்டில் இருந்து பக்கவாட்டாக 90 பாகையில், 3 மீற்றர் தூரத்தில் மைக். மைக் தரையில் இருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில், எஞ்சினுக்கு நேராக, காற்று போகிற பக்கத்தில். எஞ்சின் முழு வேகத்தில். கொங்கிரீட் அல்லது தார் தரையில் 94 டெசிபெலைத் தாண்டக்கூடாது, வெறும் மண்ணிலோ கட்டையாக வெட்டிய புல்லிலோ அளந்தால் 92. அந்த இரண்டு டெசிபெல் வித்தியாசம் எங்கே போனது என்றால், புல் குடித்துவிட்டது. கொங்கிரீட் சத்தத்தைத் திருப்பி மேலே அனுப்பும். இங்கிலாந்தில் 1982இல் வந்த வழிகாட்டு நெறியில் 7 மீற்றரில் 82 என்று இருக்கிறது, இரண்டையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள், தூரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இங்கிலாந்து அளவுதான் இறுக்கமானது என்று தெரியும்.

பிளேனுக்கோ மைக்குக்கோ 3 மீற்றருக்குள் சத்தத்தைத் திருப்பி அடிக்கிற எதுவும் இருக்கக்கூடாது. இதை நான் ஆரம்பத்தில் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வந்ததால் மைதானத்தின் மதில் ஓரமாக, கூரைக்குக் கிட்ட வைத்து அளந்தேன், 97 வந்தது. புது சைலன்சர் போட்ட எஞ்சின், மனசு உடைந்துபோனது. மழை வரவில்லை என்றதும் பிளேனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவே போய் அதே தூரத்தில் அளந்தேன், 94. மூன்று டெசிபெலும் அந்த மதிலுடையது. வான், மோட்டார் சைக்கிள், பொருட்கள் வைக்கிற மேசை, பக்கத்தில் குந்திக்கொண்டு எண்ணைப் பார்க்கிற ஆள், எல்லாமே சின்னச் சின்ன மதில்கள்தான்.

சுற்றுச் சத்தத்தை முதலில் அளந்து எழுதுங்கள். எஞ்சினைத் தொடாமல், ஒரு நிமிடம். எஞ்சின் ஓடும்போது வருகிற எண்ணைவிட இது குறைந்தது 10 டெசிபெல் கீழே இருந்தால் மறந்துவிடலாம். வித்தியாசம் ஆறு முதல் ஒன்பது வரை என்றால் எஞ்சின் எண்ணில் இருந்து 1 கழியுங்கள், நாலு ஐந்து என்றால் 2, மூன்று என்றால் 3, அதற்கும் குறைவென்றால் அளவை விட்டுவிட்டு வேறு நேரத்துக்கு வாருங்கள். 3 மீற்றரில் எஞ்சினை அளக்கும்போது இது பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. ஆனால் சத்தம் குறைந்த மின்சார மோட்டாரையோ, தூரத்து வீட்டு வாசலையோ அளக்கும்போது, பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோ ஒன்று போதும், எல்லாம் கெட்டுப்போகும். கரையோர ரயில் பாதைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம், ரயில் போகும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

இனி ஓட்டுவது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பக்கவாட்டில் எஞ்சினுக்கு நேராக மைக் வைக்கச் சொன்னேன் அல்லவா, அது ப்ரொபெல்லர் சுழலும் தட்டுக்கு நேரான கோட்டுக்கு மிகக் கிட்ட இருக்கிறது. ப்ரொபெல்லர் உடைந்து துண்டு பறந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும். ஆகவே மைக்கை ஒரு ட்ரைபொடில் பூட்டி, மேக்ஸ் பொத்தானை அழுத்திவிட்டு, நீங்கள் பிளேனின் வால் பக்கம் போய் நில்லுங்கள். ஓட்டம் முடிந்த பிறகு வந்து எண்ணைப் பாருங்கள். கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், உங்கள் உடம்பு சத்தத்தைத் திருப்பி அடித்து அளவைக் கெடுப்பது வேறு. பிளேனை வாலில் கயிறு போட்டுக் கட்டுங்கள், ஒருவர் பின்னால் இருந்து பிடித்துக்கொள்ளட்டும். எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற திருகாணியான நீடிலைத் திருப்புவதும் பின்னால் இருந்துதான். ப்ரொபெல்லரில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், சந்தேகம் என்றால் குப்பையில் போடுங்கள். காதுக்கு அடைப்பான். பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள்.

எஞ்சினை ஒரு நிமிடம் சூடாக விட்டு, நீங்கள் உண்மையில் பறக்கவிடுகிற அளவுக்கே நீடிலை வைத்து, முழு த்ரொட்டில் கொடுத்துப் பத்து செக்கன் ஓட்டுங்கள். அளப்பதற்காக நீடிலைத் திறந்து எஞ்சினைச் சோம்பேறியாக்கி எண்ணைக் குறைத்துக்கொண்டால் அது உங்களையே ஏமாற்றுவது. ஒவ்வொரு தடவையும் ஆர்பிஎம்மையும் சேர்த்து எழுத வேண்டும். ஆர்பிஎம் இல்லாத டெசிபெல் எண்ணை அடுத்த மாத எண்ணோடு ஒப்பிடவே முடியாது, ஏனென்றால் ஒரு நாள் வெக்கையில் எஞ்சின் 500 ஆர்பிஎம் குறைவாக ஓடியிருக்கும், நீங்கள் சைலன்சர் வேலை செய்தது என்று நினைப்பீர்கள். ஆர்பிஎம் அளக்கிற, வெளிச்சத்தால் வேலை செய்கிற சின்ன டாக்கோமீற்றர் சரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம்: பழைய சோக் வைத்த ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடியுங்கள், நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு செக்கனுக்கு 100 தடவை மின்னும், இரண்டு இலை ப்ரொபெல்லர் நிலையில் கருவி 3,000 காட்ட வேண்டும். காட்டினால் சரி.

ஒரு ஓட்டம் போதாது. மூன்று தடவை ஓட்டி மூன்றும் ஒரு டெசிபெலுக்குள் வந்தால்தான் நான் எழுதுவேன். பிறகு பிளேனைத் திருப்பி மற்றப் பக்கமும் அளந்து பாருங்கள், சைலன்சரின் வாய் இருக்கிற பக்கம் பெரும்பாலும் கூடவாக இருக்கும். இரண்டில் பெரியதுதான் உங்கள் எண். கொப்பியில் நான் எழுதுகிற விதம் இப்படி: "46 டூ ஸ்ட்ரோக், 11க்கு 6 ப்ரொப், 12,000, ஏ ஸ்லோ, 3 மீ, காய்ந்த புல், காற்று லேசாக, சுற்று 54, வலது 93, இடது 91." 46 என்பது 0.46 கன அங்குல எஞ்சின், 11க்கு 6 என்பது 11 அங்குல விட்டமும் ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னேறுகிற சாய்வும் உள்ள ப்ரொபெல்லர். ஒரே வரி, ஆனால் ஒரு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் எல்லாம் விளங்கும்.

எண் கூடவாக வந்துவிட்டது, என்ன செய்வது? பலரும் பிழைவிடுகிற இடம் இது. எஞ்சினில் ஒரு சத்தம் இல்லை, பல சத்தங்கள் இருக்கின்றன: சைலன்சர் வாயில் வருவது, ப்ரொபெல்லர் காற்றை வெட்டுவது, காபரேட்டர் காற்றை உறிஞ்சுவது, அதிர்வால் பிளேன் உடம்பே பறை மாதிரி அதிர்வது. டெசிபெல்களைச் சாதாரண எண்கள் போலக் கூட்ட முடியாது. சைலன்சர் பக்கம் 93, ப்ரொபெல்லர் 90 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 94.8. இப்போது காசு செலவழித்து ஒரு அருமையான சைலன்சர் போட்டு அந்தப் பக்கத்தை 83க்கு, அதாவது முழுதாகப் பத்து டெசிபெல் இறக்கினாலும், மொத்தம் 90.8க்குத்தான் வரும். மிச்சம் ப்ரொபெல்லருடையது. அதற்கு மேல் சைலன்சருக்குச் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் வீண், ப்ரொபெல்லரைத்தான் மாற்ற வேண்டும்.

ப்ரொபெல்லர் நுனி எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு சத்தம். 11 அங்குல ப்ரொபெல்லர் 12,000இல் சுற்றினால் நுனி செக்கனுக்குச் சுமார் 176 மீற்றர் வேகத்தில் போகிறது, அதாவது ஒலியின் வேகத்தில் பாதி. அதே எஞ்சினில் 12க்கு 6 போட்டபோது எனக்கு 10,300 ஆர்பிஎம் வந்தது, நுனி வேகம் 164க்கு இறங்கியது, எண் இரண்டு டெசிபெல் குறைந்தது, அதோடு சத்தத்தின் தன்மையும் மாறியது, கீச்சென்று இருந்தது கனமாகிவிட்டது. பெரிய ப்ரொப், குறைந்த ஆர்பிஎம், இதுதான் மிகக் குறைந்த செலவில் கிடைக்கிற அமைதி. தரையில் இருந்து ப்ரொபெல்லர் நுனி உயரமாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், புல்லை வெட்டிவிடும்.

சைலன்சர் எஞ்சினோடு சேருகிற இடத்தில் கறுப்பு எண்ணெய்க் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். அங்கே கசிவு இருக்கிறது, சைலன்சருக்குள் போகாமலே சத்தம் வெளியே வருகிறது. அந்த மூட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு இறுக்கினாலே சில எஞ்சின்களில் எண் இறங்கும். எஞ்சினுக்கும் உடம்புக்கும் நடுவே ரப்பர் வைத்துப் பூட்டுவதும் உதவும். எதைச் செய்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றுதான், இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று ஒருநாளும் தெரியாது.

கடைசியில் அளக்க வேண்டிய இடம் பக்கத்து வீட்டு வாசல். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில், பகலில், அதாவது காலை 6 முதல் மாலை 6 வரை, மாநகர சபை, நகர சபைப் பகுதிகளுக்கு 63 டெசிபெல், பிரதேச சபைப் பகுதிகளுக்கு 55 என்று இருக்கிறது. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம் போன்ற இடங்களின் எல்லையில் இருந்து 100 மீற்றருக்குள் 50. இவை உச்ச எண்கள் இல்லை, ஒரு கால அளவின் சராசரி, கருவியில் எல்ஏஈகியூ என்று இருக்கும். 3 மீற்றரில் 94 என்றால் 100 மீற்றரில் கணக்குப்படி சுமார் 63, 300 மீற்றரில் 54. ஒரு மணித்தியாலத்தில் கால் மணி நேரம்தான் எஞ்சின் ஓடினால் சராசரி இன்னும் ஆறு குறையும். இரண்டு பிளேன்கள் ஒன்றாகப் பறந்தால் மூன்று கூடும். ஆனால் இது கடதாசிக் கணக்கு. மேலே பறக்கும்போது ப்ரொபெல்லரின் பாரம் குறைந்து ஆர்பிஎம் ஏறும், நடுவே புல்லும் இல்லை மதிலும் இல்லை, பிளேன் வீட்டுக்குக் கிட்டவும் போய்விடும். அதனால் போய் அளக்கத்தான் வேண்டும். பறக்கவிடுவதற்கான அனுமதி வேறு விஷயம், இரத்மலானை விமான நிலையம் இவ்வளவு கிட்ட இருக்கிற ஊரில் சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

நாங்கள் இப்போது பறக்கவிடுகிற இடத்துக்கு மிகக் கிட்டிய வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். கருவியோடு போய் விஷயத்தைச் சொன்னேன், கேற்றுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத் தந்தார். பதினைந்து நிமிடம் அளந்தேன், 52. நான் சந்தோஷமாக எண்ணைக் காட்டினேன். "தம்பி, அந்தப் பெரிய பிளேன் போறது எனக்குப் பிரச்சினையே இல்லை, அந்தச் சின்ன மஞ்சள் பிளேன்தான் தலைக்குள்ளே போகுது" என்றார். மஞ்சள் பிளேனின் எண் 3 மீற்றரில் 90, எங்கள் எல்லாப் பிளேன்களிலும் குறைந்தது அதுதான். சின்ன எஞ்சின், 16,000 ஆர்பிஎம், ஊசி போலக் குத்துகிற சத்தம். கொப்பியில் டெசிபெலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் போட்டு அவர் சொன்னதையும் எழுதினேன். அந்த பிளேனுக்கு அடுத்த கிழமை பெரிய ப்ரொப் போட்டோம், 13,500க்கு இறங்கியது, எண்ணில் ஒரு டெசிபெல்தான் வித்தியாசம். அக்காவிடம் போய்க் கேட்டேன். "இன்றைக்கு மஞ்சளை விடேல்லையா?" என்றார்.